பூஜை மணியும் பேரனும்

(பொன்முடியில் நடைபெற்ற நமது சபையின் குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை)

22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து, சாப்பாட்டுக்கு முன் என் பேச்சையும் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே சொல்கிறேன்.

நான் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், டாக்டர் அல்ல. ஒரு தாத்தா என்ற முறையில்தான் பேசுகிறேன். என் பெண்ணின் குழந்தை ஒன்றரை வயதிலும் கூப்பிட்டால் திரும்பவில்லை. அவள் கவலைப்பட்டாள். "நம் குடும்பத்தில் எல்லாரும் தாமதமாகப் பேசினவர்கள்தான், பொறு" என்று சொன்னவன் நான். என் வார்த்தையை மதித்து ஒரு வருஷம் பொறுத்தாள். பிறகுதான் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது.

நமது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. டாக்டர் எம்.கே.சி. நாயரும் சக டாக்டர்களும் 1991இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைக்கு நம் ஊரின் பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு அதில் 17 சோதனைகள். அவற்றில் ஒன்று, மணியோசை கேட்டுக் குழந்தை தலையைத் திருப்புகிறதா என்பது. பூஜை மணி இல்லாத வீடு நம்மில் உண்டா? தினமும் மணி அடித்த நான் இதைக் கவனிக்கவில்லை. வீட்டில் மணியடித்துப் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் உடனே முறையான செவிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

குறை தெரிந்தபின் பாதி வைத்தியம் வீட்டில்தான். பிறவியிலேயே வளர்ச்சி தாமதமாகும் அபாயமுள்ள சிசுக்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்தபோது, ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் அவர்களின் வளர்ச்சி மேம்பட்டிருந்ததை அதே மையத்தின் ஆய்வு 2009இல் காட்டியது.

என் பெண்ணும் அப்படித்தான். காதுக் கருவி மாட்டிய குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, "இது தோசை, சூடு" என்று நாளெல்லாம் பேசினாள். மாப்பிள்ளையும் ஆபீஸிலிருந்து வந்ததும் கதை சொல்லுவார்.

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "பூர்வ கர்மா" என்று சொல்லித் தாயின் மனதை நோகடிக்காதீர்கள். "தானே சரியாகும்" என்று சொல்லி என்னைப் போல் காலத்தைக் கடத்தாதீர்கள்.

பேரன் முதல் தடவை "தாத்தா" என்று கூப்பிட்டபோது அவனுக்கு நாலு வயது. ஒரு வருஷம் முன்பே கேட்டிருக்கலாம். அதைத் தடுத்தவன் நானே. இன்று முன்வரிசையில் உட்கார்ந்து, பேச்சை முடிக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறான்.

முடிக்கிறேன்.