சாவி யார் கையில்?

(மலையடிவாரத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக் கழக விஞ்ஞானத் துறைகளில் பயிலரங்கு நடத்துவது எங்கள் வேலை. சங்கத்தில் வகுப்பு நடத்துகிறோமே, அதைப் போன்றதுதான். பேராசிரியர், மாணவர், சோதனைச்சாலை ஊழியர் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, இந்தத் துறை எல்லோருக்கும் உரியதாக இருக்கிறதா என்று கேட்கிறோம். இதை உங்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? இன்று அங்கே நுழைகிறவர்கள் உங்கள் பிள்ளைகள். சிலர் பாதியில் திரும்பி வருகிறார்கள்.

மேலே கொடைக்கானலில் சூரியனை ஆராயும் வானாய்வுக் கூடம் 1899-ல் ஏற்பட்டது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று 1909-ல் அங்கே கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். உலகம் அதை அவர் பெயரால் அழைக்கிறது. அவர் மனைவி மேரியும் அதே கூடத்தில், சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளை ஆராய்ந்தார். ஆனால் லண்டன் ராயல் வானியல் கழகம் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியதே 1916-ல்தான். வெள்ளைக்காரச் சீமாட்டிக்கே இந்தக் கதி!

சூரிய ஒளியைப் படிப்பதற்கு 1920-ல் புதிய சூத்திரம் தந்த மேகநாத் சாஹா, டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரர் மகன். கல்கத்தா ஹாஸ்டலில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுத்தார்கள். 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த கமலா பாக்வத்துக்கு, பெண் என்பதற்காகவே இடம் மறுத்தார் இயக்குநர் சி.வி. ராமன். அவர் விடவில்லை. ஓராண்டு நிபந்தனையோடு உள்ளே போனார். 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். நோபல் பரிசு பெற்ற மூளையிலும் பழைய தூசி ஒட்டியிருக்கும், தோழர்களே.

இன்று நிலைமை அப்படியே இல்லை. 1984-ல் கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. 2012-ல் பல்கலைக் கழக மானியக் குழு பாகுபாட்டுக்கு எதிராக விதிகள் செய்தது. ஆனால் பாக்டரிச் சட்டம் சுவரில் தொங்குவதற்கும் ஷெட்டுக்குள் நடப்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியாததா?

சமவெளியில் ஒரு துறை, பெயர் வேண்டாம். முதல் நாள் தவறு எங்களுடையது. வட்டமாக உட்கார வைத்து, மனம் திறந்து பேசுங்கள் என்றோம். பேராசிரியர்கள் பேசினார்கள், ஆங்கிலத்தில். மாணவிகள் தரையைப் பார்த்தார்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கூலி போதவில்லை என்று வாய் திறப்பீர்களா?

மறுநாள் துண்டுச் சீட்டு கொடுத்தோம். பெயர் வேண்டாம், தமிழில் எழுதலாம். ஒரே கேள்வி: இங்கே உங்கள் கைக்கு எட்டாதது எது?

பல சீட்டுகளில் 'சாவி' என்றிருந்தது. ஒளியைப் பிரித்துக் காட்டும் பெரிய கருவி இருக்கும் அறையின் சாவி, மாலை ஐந்துக்கு மேல்தான் மாணவர்களுக்குக் கிடைக்குமாம். மாலையில் ஒரு பெண் தானாகவே எங்களிடம் வந்தாள். மலையில் காப்பித் தோட்டக் கூலியின் மகள். அவள் ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. ஒரு வருஷமாக அந்தக் கருவியைத் தொட்டதில்லை. ஆசிரியர்கள் அவளை 'ஆர்வமில்லாதவள்' என்று முடிவு கட்டியிருந்தார்கள்! படிப்பை நிறுத்தலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள்.

துறையின் நேரத்தையும் பஸ் நேரத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். துறைத் தலைவர் வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனிதரல்ல, காரில் வருகிறவர். சோதனைச்சாலை உதவியாளர், "காலை ஏழுக்கே வந்து திறக்கிறேன்" என்றார். அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டோம். அதை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை வெளியூர் மாணவர்களுக்கு என்று முடிவாயிற்று. சாவி ஆணியில் தொங்குகிறது. எடுப்பவர் நோட்டில் கையெழுத்திடுகிறார். அந்தப் பெண் இன்னும் படிக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை படிப்பை விடுகிறேன் என்று வந்து நின்றால், உனக்கு வராது என்று சொல்லிவிடாதீர்கள். சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொரு சீட்டும் வந்தது. துப்புரவு செய்யும் அம்மாவுக்கு டீ குடிக்கத் தனி டம்ளர் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்தபோது அறையில் யாரும் பேசவில்லை. அடுத்த மாதம் மறுபடி அங்கே போகிறோம். அந்தச் சீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறோம்.