கேமரா வருவதற்கு முன், போன பிறகு



2010-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்து நடந்த நாள்களில் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் போனவர்களுக்கு மணியை நினைவிருக்கும். கிளி ஜோசியர் ஒருவரின் கிளி அது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் மணி எடுத்த சீட்டு அப்படியே பலித்தது. அரையிறுதியில் ஸ்பெயின் ஜெர்மனியை வெல்லும் என்றதும் பலித்தது. வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்களெல்லாம் அந்தச் சிறிய மேசையைத் தேடி வந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு மணி நெதர்லாந்தின் சீட்டை எடுத்தது. ஜெர்மனியில் நீர்த்தொட்டிக்குள் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தது. ஸ்பெயின் 1-0 என்ற கணக்கில் வென்றது. அத்தோடு கேமராக்கள் போய்விட்டன.

கிளி வைத்துப் பிழைத்த அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலங்காலமாக நடந்துவந்த தொழில் அது. அங்கு வந்து நின்ற கேமராக்களைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். கிளி எந்தச் சீட்டை எடுக்கிறது என்று மட்டுமே அவை பார்த்தன. பச்சைக்கிளி கூட்டமாக வாழும் பறவை. காலையில் இரை தேடிக் கூட்டத்தோடு வெகுதூரம் பறந்துபோய், மாலையில் கூட்டத்தோடு மரத்துக்குத் திரும்பும் பறவை. அது தன்னந்தனியாக ஒரு கூண்டுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பது அந்தச் செய்திகளுக்குத் தேவைப்படவில்லை.

இந்தியாவில் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூர்த் தொகுதியில் போட்டியிட்ட இயக்குநர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று ஒரு கிளி சீட்டெடுத்த காணொளி எங்கும் பரவியது. வனத்துறையினர் வந்து ஜோசியரைப் பிடித்தார்கள், கிளிகளையும் மீட்டார்கள். கூண்டுக்குள் கிளி இருந்ததை அதற்கு முன் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

இனி, சிங்கப்பூரிலேயே மிகவும் புகழ்பெற்ற விலங்கின் கதைக்கு வருகிறேன். ஆ மெங். சுமத்ரா காட்டில் பிறந்த ஓராங் ஊத்தான். சட்டவிரோதமாக ஒரு வீட்டில் செல்லப்பிராணியாக வளர்க்கப்பட்டு, 1971-இல் மீட்கப்பட்டவள். 1973-இல் மண்டாயில் விலங்கியல் தோட்டம் திறக்கப்பட்டது. பிறகு ஆ மெங்குடன் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடும் நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. 30-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் படங்களில் அவள் தோன்றினாள். இளவரசர் பிலிப், மைக்கேல் ஜாக்சன் போன்றவர்கள் அவளைச் சந்தித்தார்கள். 1992-இல் சிங்கப்பூரின் சுற்றுலாத் துறை அவளுக்குச் சிறப்புத் தூதர் என்ற பட்டத்தையே கொடுத்தது.

அவளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டவர் நம்மவர், அழகப்பசாமி செல்லையா. அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த பாசத்தைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமையில்லை. 2008 பிப்ரவரி 8-ஆம் தேதி ஆ மெங் இறந்தபோது, அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் மண்டாய்க்குப் போனார்கள்.

இவ்வளவு அன்புக்கு நடுவிலும் 1982-இல் ஒன்று நடந்தது. படப்பிடிப்புக்காக ஆ மெங்கை அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனார்கள். அவள் மரத்தின் மேல் ஏறிவிட்டாள். மூன்று நாள் இறங்கி வரவே இல்லை. கடைசியில் கீழே விழுந்து கை முறிந்தது. அன்று யாரும் அவளை அடிக்கவில்லை, கொடுமைப்படுத்தவில்லை. பழக்கமில்லாத இடத்தில், படம் எடுப்பவர்களுக்கு வேண்டிய நேரத்தில் அவள் இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். விலங்கைத் தொட்டுப் பழகிக் காட்டும் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டால், "நாங்கள் அதை அன்பாகத்தான் நடத்துகிறோம்" என்ற பதில் உடனே வரும். அந்தப் பதில் போதாது என்று நான் சொல்வதற்கு இந்தச் சம்பவமே காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அது இதைவிடப் பெரியது. ஒரு ஓராங் ஊத்தான் தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனுகிறது. குட்டியை உயிரோடு பிடிக்க, பெரும்பாலும் தாயைக் கொன்றுவிடுகிறார்கள். ஆ மெங்கைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு குடும்பம் ஆசைப்பட்டதே, அந்த ஆசை எங்கிருந்து வந்திருக்கும்? மனிதரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்தால் நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றுகிறது. சாப்பாட்டு மேசையில் எடுத்த ஆ மெங்கின் படங்கள், அவளைக் காட்டிலிருந்து பிரித்த அதே ஆசையை இன்னும் எத்தனை பேர் மனத்தில் விதைத்திருக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அமெரிக்காவில் விலங்கியல் தோட்டத்துக்கு வந்தவர்களிடம் கேட்டறிந்ததை 2008-இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொரில்லா அழிந்துவருகிறது என்று அறிந்தவர்களில் கணிசமானோருக்குச் சிம்பன்சியும் அப்படித்தான் என்பது தெரியவில்லை. தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் திரைப்படத்திலும் அதை அடிக்கடி பார்க்கிறோமே என்பதே அவர்கள் சொன்ன முக்கியமான காரணம்.

அதே ஆசையை ஒரு காணொளியும் விதைத்திருக்கிறது. தேவாங்கு நமக்கெல்லாம் தெரிந்த விலங்கு. தமிழ்நாட்டில் கடவூர்க் காடுகளை 2022-இல் தேவாங்குச் சரணாலயமாகவே அறிவித்தார்கள். அதன் உறவினமான 'ஸ்லோ லோரிஸ்' சிங்கப்பூரின் காடுகளிலும் அரிதாக வாழ்கிறது. 2009 வாக்கில் இணையத்தில் ஒரு காணொளி பரவியது. யாரோ ஒருவர் ஒரு லோரிஸுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார். அது இரண்டு கைகளையும் உயரே தூக்குகிறது. லட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். கை தூக்குவது மகிழ்ச்சியால் அல்ல. அதன் முழங்கைக்கு அருகே நச்சுச் சுரப்பி இருக்கிறது. ஆபத்து வரும்போது கையைத் தூக்கி, அந்தச் சுரப்பை நாவால் எடுத்து, கடிக்க ஆயத்தமாகும். பயந்து நடுங்கும் உயிரைப் பார்த்துத்தான் உலகம் சிரித்தது. அந்தக் காணொளியின் கீழே வந்த கருத்துகளை 2013-இல் ஆய்வு செய்தபோது, "எனக்கும் ஒன்று வேண்டும்" என்று எழுதியவர்கள் ஏராளம் என்று தெரிந்தது. இப்படி விற்பனைக்கு வரும் லோரிஸ்களின் பற்களை, கடிக்காமல் இருக்கட்டும் என்று வெட்டிவிடுகிறார்கள். பல அந்தப் புண்ணாலேயே இறந்துபோகின்றன. இது எதுவும் காணொளியில் இல்லை.

விலங்குகளை வைத்து நிகழ்ச்சியே கூடாது என்று நான் வாதாடவில்லை. தொலைக்காட்சியில் முதலைகளோடு மல்லுக்கட்டிய ஸ்டீவ் இர்வின் காட்டுநிலங்களைக் காக்கப் பாடுபட்டவர், 2006-இல் படப்பிடிப்பின்போதே திருக்கை மீன் குத்தி உயிரிழந்தவர். அவருடைய அக்கறை உண்மையானது. ஆனால் அந்த அக்கறையைக் காட்ட முதலையின் மேல் ஏறி உட்கார வேண்டியதில்லை. நம் நீர்நாய்களைப் பாருங்கள். பீஷான் பூங்காவிலும் காலாங் ஆற்றிலும் அவற்றைத் தொலைவிலிருந்தே படம் எடுத்தார்கள். யாரும் தூக்கவில்லை, கூப்பிடவில்லை, தீனி காட்டவில்லை. ஆனாலும் சிங்கப்பூரர்கள் அவற்றைக் குடும்பம் குடும்பமாக அடையாளம் கண்டு பேசும் அளவுக்கு நேசிக்கிறார்கள். இங்கே 2020 ஜூன் முதல் காட்டு விலங்குகளுக்குத் தீனி போடுவதே குற்றம். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். கைப்பேசியில் ஒரு படம் எடுப்பதற்காகக் குரங்குக்கு ரொட்டி நீட்டுவதும் அதில் அடங்கும்.

தமிழ்ப் படங்கள் தொடங்குமுன் திரையில் ஓர் அறிவிப்பு வருமே, இந்தப் படத்தில் விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்று. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் விதிகள் பெரும் போராட்டத்துக்குப் பிறகு வந்தவை, அவற்றை மதிக்கிறேன். இருந்தாலும் அந்த வரி படப்பிடிப்பு நடந்த நாள்களை மட்டுமே பேசுகிறது. அந்த விலங்கு எங்கிருந்து வந்தது, படப்பிடிப்பு முடிந்ததும் எங்கே போயிற்று? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லும் இன்னொரு வரியை அந்த அறிவிப்பின் கீழ் சேர்க்க வேண்டும். நம் ஊரில் தமிழ் நிகழ்ச்சி தயாரிப்பவர்களையும், கைப்பேசியில் காணொளி எடுத்துப் போடும் இளையர்களையும் நான் கேட்பது அதைத்தான். அந்த வரியை எழுத முடியாத காட்சியை எடுக்காதீர்கள்.