பழைய புல்லட் வாங்கப் போகிறீர்களா?



உழவு மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனால் என்ன செய்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் பழைய புல்லட் வாங்கப் போகிறவர்கள் மட்டும், அந்த 'டப் டப்' சத்தத்தைக் கேட்டவுடனேயே அட்வான்ஸை நீட்டிவிடுகிறார்கள். நானும் அப்படி ஏமாந்தவன்தான். நான் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. "இப்பத்தான் கடைக்குப் போய்ட்டு வந்தேன்" என்றார் விற்றவர். ஒரே உதையில் கிளம்பியது. மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் இருபது உதைக்கும் அசையவில்லை. பிஸ்டனையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே காலை நேரத்தில், சொல்லாமல் போய் நில்லுங்கள். முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கணும். சூடாக இருந்தால் ஆறும்வரை திண்ணையில் உட்காருங்கள், தப்பில்லை. கிளப்பியதும் புகையைக் கவனியுங்கள். பல நாள் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். முதலில் கொஞ்சம் புகைந்து, பிறகு நின்றுவிடும், பயப்பட வேண்டாம். எஞ்சின் சூடேறிய பிறகும் நீலப்புகை வந்தால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் கார்புரேட்டரைச் சரிபண்ணினால் போதும். அடியிலிருந்து இரும்படிக்கிற மாதிரி சத்தம் வந்தால் செலவு பெரிசு. ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பழைய புல்லட்டுகளில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது அதை மறந்துவிடாதீர்கள்!

அடுத்து ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்கணும். நம்பரை ராவியிருந்தால் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்க்கணும். கடன் கொடுத்தவர் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35-ஆம் படிவமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற எழுதிக்கொடுக்கணும். "தெரிஞ்சவர்தானே, மெதுவா மாத்திக்கலாம்" என்பார்கள். நீங்கள் வண்டியை விற்கும்போதும் அப்படி விட்டுவிடாதீர்கள். வாங்கியவர் எங்கேயாவது விபத்தில் சிக்கினால், நஷ்டஈடு கேட்டு வருகிற கோர்ட்டு நோட்டீஸ் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான் வரும்.