வானம் பார்த்த நிலமும் வழிமாறிய மழையும்



புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு ஓர் அறிவுரை கூறுகிறார். விதைத்துவிட்டு வானை நோக்கியிருக்கும் புன்செய் எத்துணைப் பரந்ததாயினும் வேந்தனுக்குப் பயன்படாது. ஆதலின் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குக என்பது அதன் கருத்து. உணவின் பெருமைக்கு இப்பாட்டை எடுத்துக்காட்டும் புலவர்கள், இஃது ஏரி வெட்டச் சொல்லி அரசனிடம் வைத்த விண்ணப்பம் என்பதை ஏனோ விட்டுவிடுவர்.

அப்பாண்டி நாட்டின் கீழைக் கரையில் உள்ள இராமநாதபுரம் இன்றும் வானம் பார்த்த பூமியே. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்று கொணர்வது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் உடைய உழவர், மழைக்கு முன்னரே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுகிறார். மழை நாள் தவறாது என்னும் நம்பிக்கையே அவர் இடும் முதல். ஒரு தூறலில் முளைத்த பயிர், அடுத்த மழை மூன்று வாரம் தாழ்ந்தால் கருகிவிடும். மீண்டும் உழவு, மீண்டும் விதை. பெருநிலக்கிழாருக்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. சிற்றுழவர் வீட்டிலோ மனைவியின் காதுத் தோடு அடகுக்கடைக்குப் போகிறது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பெற்றன. 2023 டிசம்பரிலோ, அண்டை மாவட்டமாகிய தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இராமநாதபுரம் ஓராண்டு முழுவதும் பெறுவதைவிட இது மிகுதி! ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். பெய்யும்போது பேய்மழையாகிறது, இடைப்பட்ட நாள்களில் அதே வெப்பம் மண்ணின் ஈரத்தை விரைந்து உறிஞ்சிவிடுகிறது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்போருக்கு இவ்வுண்மை புலப்படாது. பயிருக்கு வேண்டுவது சராசரியன்று, உரிய நாளில் ஈரம்.

2016இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம் ஓரளவு துணைநிற்கிறது. ஆயினும் நெல் போன்ற பயிர்களுக்கு வறட்சி இழப்பு ஊர் அளவில் கணிக்கப்படுவதால், ஊரில் பாதி விளைந்து தம் நிலம் மட்டும் பொய்த்தவர் ஏமாறுகிறார். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரிடம் காட்டுவதற்குத் தாளே இல்லை.

குடபுலவியனார் கேட்ட தேக்கங்கள் இங்கே கண்மாய்களாக உள்ளன. ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்ததை நிறைக்கும் சங்கிலி அது. வரத்துக்கால் தூர்ந்து, உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய், இரண்டு நாள் பெருமழையை எங்ஙனம் ஏற்கும்? வந்த வெள்ளம் கடலுக்குப் போகிறது. தை மாதத்தில் கதிர் முற்றும் வேளையில் ஒரு தண்ணீருக்கு ஊர் தவிக்கிறது.

வறட்சி தாங்கும் குழியடிச்சானும் சித்திரைக்காரும் இன்னும் சில வீட்டுக் குதிர்களில் இருக்கின்றன. மறுவிதைப்புக்கு அதையும் எடுத்துத் தூவிவிட்டு, அம்மழையும் தவறினால், மறு ஆண்டுக்கு அவ்விதையை எங்கே போய்த் தேடுவார்?