தவிலும் ஏடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தவில், மிருதங்கம் பயிலும் பிள்ளைகள் சொற்கட்டுகளை எழுதி வாசிக்கப் பழக வேண்டுமா, தாள சாத்திரம் படிக்க வேண்டுமா என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். “கைக்கு வந்தால் போதும், ஏடு எதற்கு?” என்பர் ஒரு சாரார். “அறிமுறை தெரியாதவன் அரை வித்துவான்” என்பர் மறு சாரார். இரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு.

சாத்திரம் நமக்குப் புதிதன்று. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனுக்கும் இலக்கணம் வகுத்தார். ஆடலும் பாடலும் பண்ணும் தாளமும் அவன் அறிந்திருத்தல் வேண்டும் என்றார். ஆகவே, முழவு கொட்டுவோனுக்குக் கல்வி வேண்டியதில்லை என்பது நம் முன்னோர் கொள்கையன்று.

ஆனால் அக்கல்வி எங்கே தொடங்குகிறது? வாயிலே தொடங்குகிறது. சொல்லை வாயாற் சொல்லித் தாளம் போட்ட பின்னரே குரு கையை வாத்தியத்தில் வைக்க விடுவார். மேனாட்டு வாத்தியக் குழுவில் பலர் ஒருமித்து வாசிப்பதால் முரசு கொட்டுவோனும் தாளைப் பார்த்து வாசிக்கிறான். நம் தவில்காரரோ, நாதசுரம் அடுத்து எங்கே திரும்பும் என்று செவியால் உணர்ந்து வாசிப்பவர். மேடையில் அவருக்கு ஏடு உதவாது.

அப்படியாயின் சாத்திரம் எதற்கு? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆதி தாளம் 8 எண்ணிக்கை. ஒன்றுக்கு 4 மாத்திரையாக 32. ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரை. மும்முறை சொன்னால் 15. ஆகவே 17 மாத்திரை கழித்துத் தொடங்கினால் தீர்மானம் முடிந்ததும் சமம் வந்து நிற்கும். பழகிய கை இதை எண்ணாமலே செய்யும். காரணம் அறிந்த பிள்ளையோ, அதே முறையை வேறொரு தாளத்துக்கும் தானே அமைத்துக்கொள்வான். இதுவே சாத்திரத்தின் பயன்.

எனினும், ஏடு வித்துவானை உண்டாக்குவதில்லை. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி (1933–1975) குருமுகமாகப் பயின்றே கடல் கடந்தும் புகழ் நாட்டினார். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் செய்முறையோடு அறிமுறையும் உண்டு. அது நல்ல ஏற்பாடு. ஆனால் சான்றிதழ் இல்லையென்பதற்காகப் பரம்பரை வித்துவானைத் தாழ்வாக எண்ணுவது அறியாமை.

என் அனுபவம் ஒன்று. பரீட்சையில் தேறிய மிடுக்கோடு திரிந்த காலம். கோயில் திருவிழாவில் முதிய தவில் வித்துவான் ஒருவர் மிசிரசாபுவில் வைத்த தீர்மானத்தின் கணக்குப் பிடிபடாமல் திகைத்தேன். மறுநாள் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். “தம்பி, எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லுறன், நீர் எழுதும்” என்றார். எழுதியதை வாசித்துக் காட்டினேன். “கணக்குச் சரி. கைதான் இன்னும் பேசேல்லை” என்று சிரித்தார். மூன்று நாள் இருத்திக் கையைத் திருத்தினார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது அந்தக் கொப்பி என் பையில் இருந்தது. இன்று அவர் இல்லை. கடல் கடந்து வாழும் அவருடைய பேரப்பிள்ளைக்கு அந்த ஒரு தீர்மானத்தையே என்னால் அனுப்ப முடிந்தது. அவர் அறிந்தவை நூற்றுக்கணக்கானவை. நான் எழுதிக்கொண்டது ஒன்றே. அந்தக் குற்றம் என்னுடையது.

ஆகையால் வாலிப அன்பர்களே, முதலில் வாய், பின்பு கை, அதன் பின் ஏடு. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். மூன்றில் ஒன்றையும் விடாதீர்கள். எழுதத் தெரிந்தவர்கள் வருகிற திருவிழாவிலேயே கொப்பியோடு தவில் வித்துவான்களிடம் போங்கள். அடக்கத்தோடு கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தாளத்தையும் குறியுங்கள். பெரியோர்களே, எழுதத் தெரியாத வித்துவான்களுக்கும் ஆசிரியர் இருக்கை கொடுங்கள்.

இவ்வளவே என் வேண்டுகோள்.