முப்பத்தொன்பது பேரும் ஒருவனும்

(மட்டக்களப்பு வாவிக் கரையில் ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையொன்றில் நாம் ஆற்றிய உரை)

 

இன உரிமை பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். அதைப் பற்றியே பேசப் போகின்றோம். ஆயினும் பாராளுமன்றத்தில் அன்று, ஒரு வகுப்பறையில் எமது பேச்சைத் தொடங்குகின்றோம். அந்த வகுப்பறையிலே நாற்பது பிள்ளைகள் இருந்தனர். நாம் முப்பத்தொன்பது பேர். அவன் ஒருவன்.

1960களின் நடுப்பகுதி. வாவிக் கரையிலிருந்த ஒரு தமிழ்ப் பாடசாலை. ஐந்தாம் வகுப்பு. அந்த ஒருவன் பறங்கியர் குலத்துப் பையன். அவனுடைய தந்தையார் தச்சர். நாம் அமர்ந்திருந்த வாங்குகளிற் சில அவர் கையால் இழைக்கப்பட்டவை. பையன் வீட்டிலே தங்கள் போர்த்துக்கேயப் பேச்சைப் பேசினான். வீதியிலே எம்மைப் போலவே மட்டக்களப்புத் தமிழ் பேசினான். கணக்கிலே கெட்டிக்காரன். தூண்டில் போடுவதிலே எம்மெல்லோரையும் மிஞ்சியவன். பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் இடாப்பிலே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயரால் நாம் அவனை அழைத்தோமில்லை. ‘பறங்கி’ என்றே அழைத்தோம். அவன் திரும்பிப் பார்த்தான். ஆகவே அவனுக்கு அதனால் வருத்தமில்லை என்று எண்ணிக்கொண்டோம்.

வரலாற்றுப் பாடம் நடந்த நாள்

ஒரு நாள் ஆசிரியர் போர்த்துக்கேயர் வரலாற்றைக் கற்பித்தார். நல்ல ஆசிரியர், நாவன்மை மிக்கவர். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்த கதையையும், திருக்கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்ட கதையையும் உணர்ச்சி பொங்கச் சொன்னார். அவர் சொன்னதிலே பொய்யில்லை. சொல்லி முடித்தபோது வகுப்பு முழுவதும் ஒருசேரத் திரும்பி, மூன்றாம் வாங்கின் ஓரத்தில் இருந்த அவனைப் பார்த்தது. ஆசிரியரும் அதைக் கண்டார். கண்டும் ஒன்றும் சொல்லாது அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

இடைவேளையில் எம்முள் ஒருவன் கேட்டான்: “எங்கட கோயில ஏன்டா உடைச்சீங்க?”

அவன் சொன்ன மறுமொழி ஒன்றே: “நான் உடைக்கல்லடா.”

பத்து வயதுப் பாலகன், தான் பிறப்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கொடுமைக்குத் தான் பொறுப்பாளி அல்லன் என்று சாட்சி சொல்ல வேண்டியவனானான். நாம் முப்பத்தொன்பது பேரும் நீதிபதிகளானோம். அடுத்த தவணை தொடங்கியபோது அவன் வரவில்லை. தந்தையாரின் பட்டறையிலே உளி பிடிக்கத் தொடங்கிவிட்டான். அந்த ஒரு நாளின் காரணமாகவே அவன் நின்றான் என்று நாம் சொல்ல மாட்டோம். வீட்டிலே வறுமையும் இருந்தது. ஆனால், ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு எம்முள் எவரும் அவன் வீட்டுப் படியேறவில்லை. இடாப்பிலே அவன் பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது.

அவன் யார்?

போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டியது 1628ஆம் ஆண்டு. பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறியது, பின்னர் ஆங்கிலேயரிடமும் சென்றது. இங்கே தங்கிவிட்ட ஐரோப்பியருக்கும் இம்மண்ணின் பெண்களுக்கும் பிறந்த வழியினரே மட்டக்களப்புப் பறங்கியர். தச்சுவேலையும் கொல்லுவேலையும் அவர்கள் பலரது தொழிலாயின. அரசு போய், படை போய், கப்பல் போய், நூற்றாண்டுகள் சென்ற பின்னும் போர்த்துக்கேய மொழியின் ஒரு கிளையை வாவிக் கரையிலே வாயிலிருந்து வாய்க்குக் கொடுத்துக் காத்து வந்த மக்கள் அவர்கள். அந்த மொழி இன்று அருகி வருகின்றது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பின்பு, கொழும்பிலே ஆங்கிலம் பேசி வாழ்ந்த பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். மட்டக்களப்பின் தச்சருக்கும் கொல்லருக்கும் கப்பலேற வழி ஏது? தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று நாம் கேட்டோம். கேட்டது நியாயம், பெற்றதும் நன்மையே. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பும், சிங்களப் பிள்ளைக்குச் சிங்கள வகுப்பும் வந்தன. பறங்கியப் பிள்ளையின் வீட்டு மொழிக்கோ எந்தப் பாடசாலையிலும் வகுப்பில்லை. அவன் எம் வகுப்புக்கு வந்தான். எம் மொழியிலே எழுதினான். எம் மொழியிலே கணக்குச் செய்தான். வந்தவனுக்கு வாங்கிலே இடங்கொடுத்தோம். மனத்திலே இடங்கொடுத்தோமா?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, பறங்கியர் வாழ்ந்த டச்பாரையும் அது அழித்தது. தமிழர் வாழ்ந்த கல்லடியையும் நாவலடியையும் அழித்தது. முஸ்லிம்கள் வாழ்ந்த காத்தான்குடிக் கரையையும் அழித்தது. கடல் இடாப்புப் பார்த்து அடிக்கவில்லை.

அமெரிக்காவிலே ஒரு சிறுமி

உலகறிந்த ஒரு வகுப்பறையையும் இங்கே நினைவூட்டுகின்றோம். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வேறு வேறு பாடசாலைகள் வைப்பது சட்டத்துக்கு முரண் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1960 நவம்பர் 14ஆம் நாள், நியூ ஓர்லியன்சு நகரிலே ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, வெள்ளையர் பாடசாலையொன்றின் படிகளில் ஏறினாள். வெளியிலே கூட்டம் நின்று கூச்சலிட்டது. மத்திய அரசின் காவல் அதிகாரிகள் அவளைச் சூழ்ந்து நடந்தனர். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். பார்பரா ஹென்றி என்னும் வெள்ளை இன ஆசிரியை, அந்த ஆண்டு முழுவதும் ஒரே மாணவியை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினார்.

அங்கே ஒரு குழந்தைக்காக வகுப்பே எழுந்து போயிற்று. எம் வகுப்பிலே எவரும் எழுந்து போகவில்லை, எவரும் கூச்சலிடவில்லை. இருந்தும் அவன் தனியனாகவே இருந்தான். ரூபிக்கு ஓர் ஆசிரியை இருந்தார். எம் வகுப்பின் ஒருவனுக்கோ முப்பத்தொன்பது தோழரும் ஓர் ஆசிரியரும் இருந்தும் எவரும் இலர். கொடுமைக்குக் கல்லும் தடியும் வேண்டுமென்பதில்லை. திரும்பிப் பார்க்கும் பார்வையும், சொல்ல வேண்டிய இடத்திலே சொல்லாத வாயும் போதும்.

எம்மை நாமே கேட்போம்

பெரியோர்களே! தொகையிலே குறைந்தவர் என்பதனால் மொழியுரிமை இழந்தவர் நாம். 1971இல் தொடங்கிய தரப்படுத்தலால், புள்ளி பெற்றும் பல்கலைக்கழகத்து வாயிலிலே நிறுத்தப்பட்டவர் எம் பிள்ளைகள். 1983இன் பின் அகதிகளாய் ஓடியவர்களின் பிள்ளைகள் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் தொறொன்ரோவிலும் வகுப்பறைகளிலே அமர்ந்தனர். அவர்களுட் பலர் தத்தம் வகுப்பிலே ஒரே தமிழ்ப் பிள்ளை. அந்நாட்டு ஆசிரியர் தம் பேரனின் பெயரைப் பாதியாய் ஒடித்து அழைத்தார் என்று தொலைபேசியிலே கேட்டு இங்கே கண்ணீர் விட்ட பாட்டிமார் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதே கண்ணீரை டச்பாரிலே ஒரு தாய் எம்மால் வடித்தாள் என்பதும் உண்மையன்றோ?

பெரும்பான்மை என்பது தலைநகரில் மட்டும் குடியிருக்கும் ஒன்றன்று. நாற்பது பேர் கொண்ட வகுப்பிலே முப்பத்தொன்பது பேராய் நாம் அமரும்போது, அங்கே பெரும்பான்மை நாமே. எண்ணிக்கை எமக்கு எதிராய் நிற்கும் இடத்திலே நீதி கேட்பது எளிது. எண்ணிக்கை எம் பக்கம் நிற்கும் இடத்திலே நீதி வழங்குகின்றோமா என்பதே சோதனை. அதிலே தோற்றால் எமது கோரிக்கை உரிமைக் கோரிக்கை ஆகாது. எமது முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் கோரிக்கையே ஆகும்.

இந்த வாவிக் கரையிலே தமிழும் முஸ்லிமும் ஒரே வாங்கில் இருந்து படித்த காலம் உண்டு. 1990இலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் சிந்திய குருதியும், சத்துருக்கொண்டானிலே சிந்திய குருதியும் அந்த வாங்குகளைப் பிரித்துப் போட்டன. இரு சாராரும் பேசுவது ஒரே தமிழ். பிள்ளைகள் கற்பதோ பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில். ஆதலால் எம் வகுப்பிலே ஒரு முஸ்லிம் பிள்ளை இன்று வந்து அமருமாயின், அவர்கள் வகுப்பிலே ஒரு தமிழ்ப் பிள்ளை அமருமாயின், அந்தப் பிள்ளை தனியே வரவில்லை. பிரிந்த ஊர்களின் நம்பிக்கையைப் புத்தகப் பையிலே சுமந்து வருகின்றது. பத்து வயதுத் தோளுக்கு அது பெருஞ்சுமை.

செய்யக் கூடியவை

ஆசிரியப் பெருமக்களே! போர்த்துக்கேயர் வரலாற்றை மறைக்குமாறு நாம் கேட்கவில்லை. உள்ளது உள்ளபடி கற்பியுங்கள். கற்பித்த பின், “அதைச் செய்தவர்கள் அக்காலத்து அரசும் படையும், இங்கே இருப்பவன் உங்கள் தோழன்” என்ற ஒரு வாக்கியத்தையும் சேருங்கள். அந்த ஒரு வாக்கியம் அன்று எம் வகுப்பிலே சொல்லப்படவில்லை.

சமயபாட வேளையைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தத்தம் சமயத்தைக் கற்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பாடத்திட்டம். வேற்றுச் சமயத்துப் பிள்ளை ஒன்றே ஒன்றாயின், அதற்கு ஆசிரியர் கிடைப்பதரிது. முப்பத்தொன்பது பேர் தேவாரம் பாடும்போது அந்த ஒன்று விறாந்தையிலே நிற்கின்றது. அதற்கு ஓர் இடமும், ஒரு புத்தகமும், வாரத்தில் ஒரு நாளாவது வந்து கற்பிக்க ஒருவரும் வேண்டும். பக்கத்து ஆலயத்திலோ பள்ளிவாசலிலோ கேட்டால் மறுக்க மாட்டார்கள். கேட்பது அதிபரின் கடமை.

தாய்மார்களே, தந்தையர்களே! பிள்ளை வகுப்பிலே சொல்லும் சொல், வீட்டுத் திண்ணையிலே கேட்ட சொல். “எங்கட கோயில ஏன்டா உடைச்சீங்க” என்று கேட்ட சிறுவனுக்குப் பத்து வயது. அந்தக் கேள்விக்கு வயது அதிகம்.

மாணவச் செல்வங்களே! உங்களிடம் கேட்பது மிகச் சிறிது. அந்தப் பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். பெயரைச் சொல்லியே அழையுங்கள். அவனுடைய இனத்தைப் பற்றிய கேள்விகளையெல்லாம் அவனிடமே கேட்டு, ஓர் இனத்துக்கே அவனைத் தூதுவனாக்காதீர்கள். பந்து விளையாடும்போது பக்கம் பிரித்தால், கடைசி ஆளாய் அவனை நிறுத்தாதீர்கள்.

எமக்கு ஒரு குறை தீராமலே இருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோழரைப் பட்டினத்துத் தெருவொன்றிலே கண்டோம். நரைத்த தலை, கையிலே அளவுகோல். எம்மை அடையாளம் கண்டு சிரித்தார். நாம் அவரை அழைக்க வாயெடுத்தோம். பறங்கி என்ற சொல் நாவின் நுனிவரை வந்து நின்றது. அவருடைய பெயர் எமக்கு நினைவுக்கு வரவில்லை.

அவரோ எம்மைப் பெயர் சொல்லி அழைத்தார்.