தூக்கிச் செல்லக்கூடிய வாத்தியம்

பாடசாலை வாத்தியக் குழுவுக்கு வைப்ரஃபோன் ஒன்று வாங்கித்தர வெளிநாட்டுக் கிளைகள் முன்வந்துள்ளன. மனமார்ந்த நன்றி. எத்தகையது வேண்டும் என்பதில் ஊரிலுள்ள எங்கள் எண்ணத்தைச் சொல்கிறோம்.

முழு அளவு வைப்ரஃபோனில் மூன்று ஸ்தாயிக்கு 37 அலுமினியப் பட்டைகள். அவற்றின் கீழே ஒலிக்குழாய்கள். நாதத்தை அலைபோல அசைக்க மின்மோட்டர். மிதியை அமுக்கினால் நாதம் நீளும், விட்டால் அடங்கும். மண்டபத்துக்கு அது அழகுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் பஸ்ஸில் போகிறவர்கள்.

ஆகவே மோட்டர் இல்லாததைக் கேட்போம். அலை போகும், சுரம் போகாது. மிதி மட்டும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிடும். சட்டகம் மடிய வேண்டும். பட்டைகளைக் கோத்த கயிற்றோடே சுருட்டிப் பையில் வைக்க முடியவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, இரண்டு பிள்ளைகள் தூக்கக்கூடிய பாரமா என்று விசாரித்த பிறகே காசைக் கொடுங்கள்.

2009இல் வன்னியில் கையால் தூக்க முடிந்தது மட்டுமே எங்களோடு வந்தது. அப்படியொரு பயணம் இனி வேண்டாம். இந்த வாத்தியம் விழாக்களுக்குப் போய், பத்திரமாகப் பாடசாலைக்கே திரும்பி வரட்டும்.